கடன் கொடுத்தவன் கடவுளுமல்ல, பேயுமல்ல

(அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பற்றி ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், பெரிய வல்லரசுகள் சிறிய நாடுகளில் பணத்தைப் போடுவதும், அப்பணத்தின் மூலம் அந்நாடுகளின் அரசியலில் செல்வாக்குப் பெறுவதும் பற்றியதாகும். விஷயமோ பெரிது, நமக்குள்ள நேரமோ சிறிது. உலகத்தையெல்லாம் சுற்றி வருவதென்றால் பொழுது விடிந்துபோகும். ஆதலால் ஒரே ஒரு நாட்டை, அதிலும் ஒரே ஒரு துறைமுகத்தை எடுத்துக்கொண்டு பேசலாமென்று நினைக்கிறேன். தனுஷ்கோடிக் கரையில் நின்றால் எதிர்ப்புறத்தில் இருக்கிற இலங்கைதான் அந்த நாடு. அதன் தென்கோடியிலுள்ள அம்பாந்தோட்டைதான் அந்தத் துறைமுகம்.

முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேடையில் நின்று ஒருவன் சத்தம் போட்டுப் பேசுகிறான் என்பதற்காக எதையும் ஒப்புக்கொண்டு போய்விடாதீர்கள். நான் வருஷத்தையும் தொகையையும் சொல்லிக்கொண்டே போவேன். வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒத்து வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்து வராவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இரண்டு கதைகள்

தோழர்களே! இந்தத் துறைமுகத்தைப் பற்றி உலகத்தில் இரண்டு கதைகள் உலாவுகின்றன.

முதல் கதை, சீனா ஓர் ஆபத்பாந்தவன் என்பது. மேல்நாட்டார் யாரும் திரும்பிப் பாராத காலத்தில் சீனா வந்து பணத்தைக் கொட்டிற்று, ரோடு போட்டது, துறைமுகம் கட்டிற்று, பிரதியாக ஒன்றும் கேட்கவில்லை என்பது. இது சீன சர்க்காரும், அவர்களிடம் கடன் வாங்கிய இலங்கை மந்திரிகளும் சொல்லி வந்த கதை.

இரண்டாவது கதை, சீனா ஒரு பிசாசு என்பது. ஆரம்பத்திலேயே துறைமுகத்தைப் பிடுங்கிக்கொள்ள வேண்டுமென்று திட்டம் போட்டு, கட்ட முடியாத கடனைக் கொடுத்து, பொறிக்குள் எலியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டது என்பது. 2018 அக்டோபரில் அமெரிக்க உபஜனாதிபதி பென்ஸ் என்பவர் இந்தத் துறைமுகத்தைச் சுட்டிக்காட்டியே இந்தக் கதையைச் சொன்னார். நம் டில்லியிலும் இதைச் சொல்லுகிறவர்கள் உண்டு.

இந்த இரண்டு கதைகளுக்கும் ஒரு பொதுக்குணம் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றில் சீனா சாமி. மற்றொன்றில் சீனா பேய். சாமி கொடுத்தது என்றால் கணக்குக் கேட்கக்கூடாது. பேய் பிடித்தது என்றால் கணக்குக் கேட்டுப் பிரயோஜனமில்லை. ஆக, இரண்டிலும் கணக்கு மறைந்துபோகிறது! கணக்கு மறைவதால் யாருக்கு லாபமோ அவர்கள்தான் கதை சொல்லுகிறவர்களாயிருப்பார்கள். ஆகவே நாம் கதையை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். கணக்கைப் பார்த்தால், அடிமைத்தனம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்பது தெரியும்.

துறைமுகத்தின் கணக்கு

அம்பாந்தோட்டையில் துறைமுகம் கட்டவேண்டுமென்ற யோசனை சீனாக்காரனுடையதல்ல. அது இலங்கையிலேயே வெகுகாலமாகப் பேசப்பட்டு வந்த யோசனை. 2003-ல் ஒரு கானடாக் கம்பெனியும், 2006-ல் ஒரு டென்மார்க்குக் கம்பெனியும் அதைப் பற்றி ஆராய்ந்து ரிப்போர்ட்டு கொடுத்திருக்கின்றன. டென்மார்க்குக்காரர்கள் சொன்னது என்னவென்றால், முதலில் சிறிதாக ஆரம்பியுங்கள், அதில் வரும்படி வருகிறதா என்று பாருங்கள், வந்த பிறகு பெரிதாக்குங்கள் என்பதாகும். ஒரு பெட்டிக்கடை வைக்கிறவனுக்கும் தெரிந்த புத்தி இது.

நடந்தது என்ன? 2005-ல் மகிந்த ராஜபக்ஷ ஜனாதிபதியானார். அம்பாந்தோட்டை அவருடைய சொந்த ஜில்லா. 2007-ல் சீன ஏற்றுமதி இறக்குமதி பாங்கியிடமிருந்து 30 கோடியே 70 லட்சம் டாலர் கடன் வாங்கப்பட்டது. வட்டி 100-க்கு 6.3. வேலையைச் செய்தவை சீனக் கம்பெனிகள். அதாவது பணம் சீனப் பாங்கியிலிருந்து புறப்பட்டது. பெரும்பகுதி சீனக் கம்பெனிகளுக்கே போய்ச் சேர்ந்தது. கடன் மாத்திரம் இலங்கையின் தலையில் நின்றது!

2010 நவம்பர் 18-ந் தேதி துறைமுகம் திறக்கப்பட்டது. அந்தத் தேதிக்கு என்ன விசேஷமென்றால், அன்றைக்குத்தான் ஜனாதிபதிக்கு 65-வது பிறந்த நாள். கப்பல் வரும் நாளைப் பார்த்துத் துறைமுகம் திறக்கப்படவில்லை. எஜமானரின் பிறந்த நாளைப் பார்த்துத் திறக்கப்பட்டது. 2012-ம் வருஷம் முழுவதிலும் அங்கு வந்த கப்பல்கள் 34. மோட்டார் வண்டி ஏற்றிவரும் கப்பல்கள் கொழும்புக்குப் போகாமல் இங்கேதான் வரவேண்டுமென்று சர்க்காரே உத்தரவு போட்டும் இந்த நிலைதான். வரும்படி இல்லையென்றால் நிறுத்தியிருக்க வேண்டுமல்லவா? இல்லை. அதே 2012-ல் இரண்டாவது பகுதி வேலைக்கென்று மறுபடியும் சீனாவிடம் கடன் வாங்கினார்கள். இதற்கு வட்டி 100-க்கு 2 என்று குறைவாயிருந்தது வாஸ்தவம். ஆனால் வரும்படியில்லாத கடைக்கு வட்டி குறைவாயிருந்தாலென்ன, அதிகமாயிருந்தாலென்ன? முதலையும் வட்டியையும் கொடுக்க வேறு இடத்திலிருந்துதானே பணம் எடுக்கவேண்டும்?

பக்கத்திலுள்ள மத்தளையில் 20 கோடியே 90 லட்சம் டாலர் செலவில் ஓர் ஆகாய விமான நிலையம் கட்டினார்கள். அதில் 19 கோடி சீனக் கடன். 2013 மார்ச்சில் திறந்தார்கள். அதற்கும் ராஜபக்ஷவின் பேரையே வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அதன் கட்டடம் நெல் மூட்டை அடுக்கும் கிடங்காயிற்று. 2018-ல் அங்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த கடைசி விமான சர்வீசும் நின்றுபோயிற்று.

இதில் சீனாவின் குற்றம் எவ்வளவு, இலங்கை ஆட்சியாளரின் குற்றம் எவ்வளவு? ஊதாரிப் பிள்ளைக்குப் புரோநோட்டின் பேரில் பணம் கொடுக்கிற லேவாதேவிக்காரன் ஒன்றும் தெரியாத அப்பாவியல்ல. பையன் எதற்கு வாங்குகிறான், எப்படித் திருப்புவான் என்று கேட்காமல் கொடுக்கிறவன், நாளைக்கு வீட்டுக்கு வந்து நிற்கலாமென்று தெரிந்தேதான் கொடுக்கிறான். ஆனால் கையெழுத்துப் போட்டவன் பையன். அந்தக் கையெழுத்தை மறைப்பதற்காகத்தான் பிசாசுக் கதை.

99 வருஷக் குத்தகை

2015 ஜனவரியில் இலங்கை ஜனங்கள் ராஜபக்ஷவைத் தோற்கடித்தார்கள். புது சர்க்கார் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ரொக்கமில்லை. கெடு மாத்திரம் வரிசையாக நின்றது. 2017 ஜூலையில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை ஒரு சீனக் கம்பெனிக்கு 99 வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கிடைத்த தொகை 112 கோடி டாலர்.

இங்கே ஒரு முக்கியமான சங்கதி. இந்த 112 கோடியைக் கொடுத்துத் துறைமுகக் கடனைத் தீர்த்துவிட்டார்களென்றுதான் அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. அந்தக் கடன் அப்படியே நின்றது. அதைக் கட்டும் பொறுப்பு இலங்கைப் பொக்கிஷத்தின் மேல் ஏறிற்று. குத்தகைப் பணம் அன்னியச் செலாவணிக் கையிருப்புக்கும், மற்ற வெளிநாட்டுக் கெடுக்களைச் சமாளிப்பதற்கும் உபயோகமாயிற்று. ஆகவே நிலமும் குத்தகைக்குப் போயிற்று. நிலத்தின் மேல் வாங்கின கடனும் போகவில்லை!

மற்ற கெடுக்கள் யாருடையவை? அதையும் சொல்லத்தான் வேண்டும். துறைமுகக் கடன் வாங்கின அதே 2007-ல்தான் இலங்கை மேல்நாட்டுப் பணச்சந்தையில் முதன்முதலாகக் கடன் பத்திரம் விற்றது. தொகை 50 கோடி டாலர். வட்டி 100-க்கு 8.25. சீனாவின் வட்டியைவிட அதிகம். அதன் பிறகு பல தடவை இப்படியே விற்றுக்கொண்டு போனார்கள். 2022-ல் இலங்கை முழுகிப்போனபோது அதன் வெளிநாட்டுக் கடனில் சீனாவுக்குச் சேரவேண்டியது சுமார் 5-ல் 1 பங்கு. இந்தக் கடன் பத்திரக்காரர்களுக்குச் சேரவேண்டியது 3-ல் 1 பங்குக்கும் அதிகம். பத்திரக்காரன் துறைமுகம் கட்டவில்லை, கோபுரம் கட்டவில்லை, ஆதலால் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிறவனை மாத்திரம் பேய் என்று சொல்லிக்கொண்டு, தெரியாதவனை விட்டுவிடுவது பகுத்தறிவாகுமா?

99 வருஷம் என்றால் என்ன?

சீனாவையும் ஒரு கேள்வி கேட்போம். 99 வருஷம் என்ற கணக்கின் அர்த்தம் சீனாவைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? 1898-ல் பிரிட்டிஷார் ஹாங்காங்கை ஒட்டிய நிலப்பகுதியைச் சீனாவிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எழுதி வாங்கினார்கள். அது 1997-ல்தான் முடிந்தது. அதைத் தங்கள் தேசத்துக்கு நேர்ந்த அவமானம் என்று சீனர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது நியாயமான கோபம். ஆனால் தன் முதுகில் பட்ட பிரம்பு இன்னொருவன் கைக்கு மாத்திரம் கூடாது, தன் கைக்கு வந்தால் அது வியாபாரம் என்றால் அதை எப்படி ஒப்புக்கொள்வது?

பிரிட்டிஷாருக்கு இதைப் பேச யோக்கியதை உண்டா என்றால் அதுவும் இல்லை. எகிப்து அரசன் கடனில் மூழ்கி, 1875-ல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளைப் பிரிட்டிஷ் சர்க்காருக்குச் சுமார் 40 லட்சம் பவுனுக்கு விற்றான். மறுவருஷமே அவனால் கெடு கட்ட முடியவில்லை. அன்னியக் கணக்கப்பிள்ளைகள் வந்து அவன் பொக்கிஷத்தில் உட்கார்ந்தார்கள். 1882-ல் பிரிட்டிஷ் பட்டாளம் வந்து இறங்கிற்று. அது கடைசியாக வெளியேறினது 1956-ல். கடனுக்குப் பின்னால் பட்டாளம் வந்த காலம் அது. இப்பொழுது பட்டாளம் வருவதில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வருகிறது. அதற்கு மூன்று உதாரணங்கள் சொல்லுகிறேன்.

பட்டாளமில்லாத அதிகாரம்

முதலாவது, உரக் கப்பல். 2021-ல் இலங்கை சர்க்கார் ரசாயன உரத்தைத் திடீரென்று தடுத்துவிட்டு, ஒரு சீனக் கம்பெனியிடம் இயற்கை உரம் வாங்க ஏற்பாடு செய்தது. மாதிரியைப் பரிசோதித்த இலங்கை அதிகாரிகள், இதில் பயிருக்குக் கெடுதலான கிருமி இருக்கிறது, இறக்கக்கூடாது என்றார்கள். கோர்ட்டும் பணம் கொடுக்காதே என்று தடுத்தது. பணம் வரவில்லையென்று, அவ்வருஷம் அக்டோபரில் கொழும்பிலுள்ள சீனத் தூதராலயம் இலங்கை சர்க்காருக்குச் சொந்தமான பாங்கியையே கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. முடிவு என்னவாயிற்று? 2022 ஜனவரியில் சுமார் 69 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள். உரம் இறங்கவில்லை, பணம் போயிற்று. மருந்துக்கும் எண்ணெய்க்கும் டாலரில்லாமல் நாடு தவித்துக்கொண்டிருந்த சமயத்தில் இது நடந்தது. கடன்காரனாயில்லாத நாடாயிருந்தால் தன் அதிகாரிகளின் வார்த்தையைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது, ஆராய்ச்சிக் கப்பல். 2022 ஜூலை 12-ந் தேதி, அதாவது ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடிப்போவதற்கு முதல் நாள், யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வர அனுமதி கொடுக்கப்பட்டது. ராக்கெட்டுகளைத் தொடர்ந்து கவனிக்கும் கருவிகளுள்ள கப்பல் அது. இந்தியா ஆட்சேபித்தது. உடனே இலங்கை, வருகையைத் தள்ளிவையுங்கள் என்று சீனாவைக் கேட்டது. கடைசியில் ஆகஸ்டு 16-ந் தேதி கப்பல் வந்தேவிட்டது. ஒரு பக்கம் பழைய கடன்காரன். மறுபக்கம் அந்த வருஷத்தில் சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவி செய்துகொண்டிருந்த இந்தியா. இரண்டு பேருக்கும் நடுவில், தன் துறைமுகத்துக்கு யார் வரலாம் என்று தானே சொல்ல முடியாமல் சொந்தக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இதற்குத்தான் செல்வாக்கு என்று பேர்.

மூன்றாவது, நம்மவர்கள் வசிக்கும் தீவுகள். யாழ்ப்பாணத்துக்கு அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றாலையும் சூரிய வெளிச்சமும் கொண்டு மின்சாரம் செய்ய ஒரு திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் டெண்டரில் ஒரு சீனக் கம்பெனிக்கு வேலை கிடைத்தது. தீவுகள் நம் கரைக்குச் சமீபமென்று இந்தியா ஆட்சேபித்தது. அவ்வருஷ முடிவில் சீனா வேலையை நிறுத்திற்று. 2022 மார்ச்சில் அதே வேலையை இந்தியா தன் நன்கொடையாகச் செய்வதென்று ஒப்பந்தமாயிற்று. வேலையை ஓர் இந்தியக் கம்பெனியிடம் கொடுத்துக் கையெழுத்தானது 2024 மார்ச்சில். பெய்ஜிங்குக்கு ஒரு நியாயம் இருந்தது. டில்லிக்கு ஒரு நியாயம் இருந்தது. கொழும்புக்கும் ஒன்று இருந்தது. ஆனால் சிறு தீவில் மீன் பிடித்துப் பிழைக்கிற தமிழனுக்கு வேண்டியிருந்தது ஒரு விளக்கு. சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் பெறுமான விளக்குக்காக, கம்பெனி சீனனா இந்தியனா என்ற வழக்கிலேயே மூன்று வருஷம் கடந்துபோயிற்று!

பழைய ஒப்பந்தம் ஒன்று

நிற்க, இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் சீனாவோடு சவகாசமே கூடாது என்கிறீரா என்று யாராவது கேட்கலாம். அப்படியல்ல. அதே இலங்கை, அதே சீனாவோடு 1952 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதையும் கேளுங்கள்.

கொரியா யுத்த காலத்தில் அரிசி விலை ஏறிப்போயிற்று. இலங்கையின் ரப்பருக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. அமெரிக்காவைக் கேட்டுப் பார்த்தார்கள். சரியான ஏற்பாடு கிடைக்கவில்லை. அப்பொழுது இலங்கையை ஆண்டவர்கள் கம்யூனிஸ்டு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிற கட்சியார். ஆனாலும் அவர்களுடைய வர்த்தக மந்திரியே பெய்ஜிங்குக்குப் போய், வருஷத்துக்கு 50 ஆயிரம் டன் ரப்பர் கொடுக்கிறோம், 2 லட்சத்து 70 ஆயிரம் டன் அரிசி கொடுங்கள் என்று ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். ரப்பருக்குச் சந்தையைவிட நல்ல விலை; அரிசிக்குச் சந்தையைவிடக் குறைந்த விலை. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்திவைத்தது. இலங்கை அசையவில்லை. அந்த ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டுச் சுமார் 30 வருஷம் நடந்தது.

1952-ல் சீனா தெய்வமாயிருந்து 2007-ல் பேயாக மாறிவிட்டதா? இல்லை. இரண்டிலும் சீனா தன் காரியத்தைத்தான் பார்த்தது. 1952-ல் அதற்கு ரப்பர் வேண்டியிருந்தது. 2007-ல் தன் கம்பெனிகளுக்கு வேலையும், தன் பணத்துக்கு வட்டியும் வேண்டியிருந்தது. வித்தியாசம் இலங்கைப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1952-ல் கொடுத்தது என்ன, வாங்கினது என்ன என்பது கடைத்தெருவில் அரிசி வாங்குகிறவளுக்கும் தெரியும். கூலிக்காரன் பானையில் அது வெந்தது. 2007-ல் கையெழுத்தான காகிதம் எங்கே? எந்தக் கூலிக்காரன் அதைப் பார்த்தான்?

இந்தக் காகித மறைப்பு இலங்கைக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல. சீனா 24 நாடுகளோடு செய்துகொண்ட 100 கடன் ஒப்பந்தங்களைத் தேடிப் பிடித்துச் சில ஆராய்ச்சிக்காரர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். அவற்றில் 2014-க்குப் பிற்பட்டவை அத்தனையிலும், இதை வெளியில் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை எழுதியிருக்கிறதாம். கடன் கட்டவேண்டியவன் கடன் பத்திரத்தைப் படிக்கக்கூடாது! ஒருவன் தன் மனைவி மக்களுக்குத் தெரியாமல் வீட்டின் பேரில் கடன் வாங்கினால் அவனை நாம் என்னவென்று சொல்லுவோம்? அதையே ஒரு மந்திரி செய்தால் மாத்திரம் ராஜதந்திரம் என்று சொல்ல வேண்டுமா?

ஆகவே வல்லரசு உள்ளே வரும் வாசல் இதுதான். ஆள்கிறவன் தன் ஜனங்களுக்குத் தெரியாமல் பேனாவை எடுக்கிற இடமே அந்த வாசல். அந்த வாசல் திறந்திருந்தால் இன்றைக்குச் சீனா வரும். நாளைக்கு அமெரிக்கா வரும். மறுநாள் இந்தியாவும் வரும். 2021-ல் கொழும்புத் துறைமுகத்தின் மேற்குப் பகுதியில் 35 வருஷ ஏற்பாட்டில் 100-க்கு 51 பங்கோடு இடம் பிடித்தது ஓர் இந்திய முதலாளிக் கம்பெனிதான் என்பதை இங்குள்ள தேசபக்தர்களும் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

கடனே கூடாதா?

ஏழை நாடு கடன் வாங்காமல் எப்படி முன்னுக்கு வரும் என்றால், அதுவும் சரியான கேள்விதான். கடனே பாவம் என்று நான் சொல்லவில்லை. புத்தளத்துக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் மின்சார நிலையமொன்று சீனக் கடனில்தான் கட்டப்பட்டது. 2011 முதல் 2014 வரை படிப்படியாக வேலைக்கு வந்தது. இலங்கையின் மின்சாரத்தில் ஒரு கணிசமான பங்கு அதிலிருந்து வருகிறது. நிலக்கரிப் புகை, அடிக்கடி ரிப்பேர் என்ற குறைகள் இருந்தாலும், அந்தக் கடனுக்கு வெளிச்சமாவது கிடைத்தது. அம்பாந்தோட்டையுங்கூட, குத்தகைக்குப் போன பிறகு முன்னைவிட அதிகக் கப்பல்களைப் பார்த்திருக்கிறது. அதாவது கெட்டிக்காரன் கையில் அது ஓடக்கூடிய துறைமுகந்தான். அப்படியானால் பிறந்த நாளுக்காக அவசரப்பட்டதும், வரும்படிக்குக் காத்திராமல் மேலும் மேலும் கடன் வாங்கினதும் இன்னும் பெரிய குற்றமாகிறதேயொழியச் சிறிய குற்றமாகவில்லை.

அந்தக் குற்றத்துக்குத் தண்டனை அடைந்தவர்கள் யார்? 2019 கடைசியில் வரியைக் குறைத்துப் பொக்கிஷத்தைக் காலி செய்தார்கள். 2021-ல் உரத்தைத் தடுத்து விளைச்சலைக் கெடுத்தார்கள். 2022 ஏப்ரல் 12-ந் தேதி, வெளிநாட்டுக் கடன் கெடு கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். சுதந்திரம் வந்த 1948 முதல் இலங்கை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் எண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். நின்ற இடத்திலேயே சிலர் செத்தார்கள். காகிதமில்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சை தள்ளிப்போயிற்று. அந்த மார்ச்சிலேயே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சில குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் வந்திறங்கின. அவர்களில் ஒருவராவது அம்பாந்தோட்டைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரா? அந்த மத்தளை விமானத்தில் ஒரு தடவையாவது ஏறினவரா? கையெழுத்துப் போட்டவர்கள் விமானத்தில் போனார்கள். போடாதவர்கள் படகில் வந்தார்கள்!

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதி சுமார் 300 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதுவும் தருமமல்ல. வரியை ஏற்று, மின்சாரக் கட்டணத்தை ஏற்று என்ற நிபந்தனைகளோடு வந்த பணந்தான். மாடமாளிகைக்கும் குடிசைக்கும் சேர்த்தே கட்டணம் ஏறிற்று.

கேட்கவேண்டிய கேள்விகள்

தோழர்களே! முடிவாகச் சொல்லுகிறேன். எந்த நாட்டுப் பணமானாலும் சரி, அது வரும்போது கொடியையும் மாலையையும் பார்த்து மயங்காதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள். வட்டி என்ன, கெடு என்ன? வேலையை யார் செய்கிறார்கள், டெண்டர் உண்டா? வரும்படி வராவிட்டால் எதைக் கொடுக்க வேண்டும்? பத்திரத்தை நான் படிக்கலாமா? இந்த நாலுக்கும் பதில் சொல்லுகிறவன் எந்த தேசத்தானாயிருந்தாலும் அவனோடு வியாபாரம் செய்யலாம். நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லாதவன், தேசபக்தியைப் பேசினாலும் சரி, சகோதரத்துவத்தைப் பேசினாலும் சரி, அவனை வாசலிலேயே நிறுத்துங்கள்.

இலங்கை ஜனங்கள் 2022 ஜூலையில் ஜனாதிபதியின் மாளிகைக்குள் நுழைந்தார்கள். அவர்களை நான் குற்றஞ்சொல்லவில்லை. பசித்தவன் வேறு எங்கே போவான்? ஆனால் அந்த மாளிகைக்குள் 2007-லேயே நுழைந்திருக்க வேண்டியது அவர்களுடைய கேள்வி. கேள்வி போகவேண்டிய காலத்தில் போயிருந்தால், பதினைந்து வருஷம் கழித்து ஆட்கள் போகவேண்டிய அவசியம் வந்திராது. அந்தப் பதினைந்து வருஷத்தின் விலையைத்தான் இன்னும் பிறக்காத பிள்ளைகளும் சேர்ந்து கட்டப் போகிறார்கள்.

நமக்கும் இது பாடம். நம் ஊரில் நாளைக்கு ஒரு பாலமோ துறைமுகமோ திறக்கிறார்களென்றால், யார் திறந்தார் என்பதை விசாரிப்பதற்கு முன் யார் கட்டப் போகிறார்கள் என்பதை விசாரியுங்கள். செங்கல்லைச் சொல்லவில்லை, கடனைச் சொல்லுகிறேன்.